மேகமே இல்லாத படங்கள்

அக்கா,

நேற்று உங்கள் நினைவு ஜெபத்தில் உங்கள் கணவர், மகள், பாஸ்டர், நான் என்று நான்கே பேர் இருந்தோம். ஜெபம் முடிந்து, உங்கள் அடுக்களையில் குருமாவுக்குத் தோல் சீவும்போது ஓர் உருளைக்கிழங்கு நீளமாக, இடுப்பு ஒடுங்கி, நாம் வெளிச்சம் அளந்துவந்த சிறுகோளைப் போலவே கையில் வந்தது.

வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்கள் வேலூர் வானியல் குழு மூலம் உங்கள் லேப்டாப்புக்கு வரும். மத்தியானச் சமையல் முடிந்து நான் உங்கள் வீட்டு மாடிக்கு வருவேன். பக்கத்திலிருக்கும் மாறாத நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு நீங்கள் சிறுகோளின் வெளிச்சத்தை அளப்பீர்கள். வீட்டுக் கணக்கு எழுதும் கையால் நான் புள்ளி வைத்து வரைவேன். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் வரை அதுதான் நம் உலகம்.

வெளிச்சம் ஏறி இறங்கி மறுபடி ஏற நான்கு மணி நேரம். அதுவே சிறுகோள் தன்னைத்தானே சுற்றும் ஒரு சுற்று என்று குழுவுக்கு அனுப்பிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை. நான் வரைந்த கோட்டில் ஒரு மேடு உயரம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது மறுபடி உயரம். ஒரு கிழங்கைக் கத்தியில் குத்தி ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றினேன்.

"பாருங்கக்கா, ஒரு சுத்துல அகலப் பக்கம் ரெண்டு தடவ தெரியுது. ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. அப்போ ஒரு சுத்துக்கு எட்டு மணி நேரந்தானே?"

"இன்னாடி, கிழங்க வெச்சி எனக்கே பாடமா? கம்மி ஜாஸ்தி அளக்கறப்ப வர்றதுதான். அடுத்த படம் வரட்டும்."

அடுத்த படங்களைக் கேட்டபோது, "மேகம்டி. ஒண்ணும் தெரியல, அழிச்சிட்டேன்" என்றீர்கள். அன்றிலிருந்து என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்; உங்கள் வார்த்தையை அல்ல.

நேற்று நான் கிழங்கைச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு உங்கள் மகள் சிரித்தாள்.

"நீங்க சொன்னதுதான் கரெக்டாம் ஆன்ட்டி. கடைசியா வந்த படமெல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, இன்னும் லேப்டாப்லயே இருக்குது. எட்டு மணி நேரம்னு அம்மாவே கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. 'அவகிட்ட சொல்லிடாத, அப்புறம் என் மூஞ்ச எங்க வெக்கறது'ன்னாங்க. இப்ப சொன்னா இன்னா?"

கத்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தவறு யாருக்கும் வரும் அக்கா. தெரிந்த பிறகும் என் எதிரில் உட்கார்ந்து, என் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டீர்களே. முழங்காலில் நின்று மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். கர்த்தரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, எழுந்துவிட்டேன். இன்று காலையும், ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் எந்தக் கிழங்கையும் சீவ முடியவில்லை.

மகளிடம் அந்தப் படங்களை வாங்கி, எட்டு மணி நேரம் என்று திருத்தி அனுப்பப் போகிறேன். அதில் உங்கள் பெயரையும் போடவா, வேண்டாமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.