தாத்தா படகு ஏன் பாறையில் ஏறியது

அன்புள்ள சொரகாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உங்கப்பா முழங்கால்தான் மழை வர்றதுக்கு முன்னாடியே முனக ஆரம்பிச்சிடுது. நீயும் உன்னைக் கட்டிக்கப்போற டேனியலும் அந்தப் பெர்த் வெயில்ல உடம்பைப் பாத்துக்கோங்க. கறுப்புப் பசு கன்னு போட்டிருக்கு, உருளைக்கிழங்கு இந்த வருஷம் நல்லா வந்திருக்கு. போன கடுதாசியில நீ எழுதினதைப் படிச்சதுலருந்து எனக்குச் சாப்பாடே இறங்கல. அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கலைன்னா ஊருக்கே வரமாட்டேன், இங்கயே ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடிச்சிக்கிறேன்னு எழுதிட்டியே, பெத்தவ மனசு என்ன பாடுபடும்? உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. சொத்துச் சண்டையா, நிலத்துச் சண்டையா? அவங்க ரெண்டு பேரோட தாத்தா கிழங்கு மூட்டையோட படகைப் பாறையில ஏத்தினதுக்கு ஊரே பாட்டுக் கட்டிச்சே, அந்தக் கதைதானே! அந்தப் பாட்டைப் பாடுறது உங்கப்பா, பாடுறதுக்கு முன்னாடி அதோட கதையைச் சொல்றது சித்தப்பா பார்ட்லி. ரேடியோக்காரங்க வந்தப்ப பார்ட்லி, தாத்தா அன்னிக்குக் குடிச்சிருந்தார்னு சொல்லிட்டார். எங்க தாத்தா பச்சத்தண்ணி தவிர எதையும் தொடமாட்டார், எல்லாம் காத்து பண்ணின வேலைன்னு உங்கப்பா குதிச்சார். அன்னையிலருந்து இவர் கதையில்லாம பாடுறார், அவர் பாட்டில்லாம கதை சொல்றார், கேக்கிற எங்களுக்குத்தான் தலையெழுத்து.

கேளு, ஞாயித்துக்கிழமை படகுப்போட்டி முடிஞ்சு எல்லாரும் பப்புக்குள்ள நெருக்கியடிச்சு நின்னோம். கடைக்கார ஃபெஸ்டி வேணும்னே அந்தப் பாட்டையே கேட்டான், கடன்காரன். உங்கப்பாவும் எப்பவும் போல சுவரைப் பாத்துத் திரும்பி, தொப்பியைக் கண்ணுவரைக்கும் இறக்கிட்டு ஆரம்பிச்சார். தாத்தா தண்ணியில குதிக்கிற இடம் வந்ததும் குரல் அடைச்சிடுச்சு. விடாதே கோல்மன், கடவுள் உனக்குத் தெம்பு குடுப்பார்னு சத்தம் போட்டாங்களே தவிர, ஒருத்தரும் எழுந்து போய்க் கையைப் பிடிக்கல. பாடுறவர் கையைப் பிடிச்சுச் சுத்தித்தானே நம்ம ஊர்ல தெம்பு குடுப்போம், ஆனா உங்கப்பா கையைப் பிடிக்கிறது எப்பவும் பார்ட்லிதான்னு எல்லாருக்கும் தெரியும். மாதாவே, இந்த மனுஷன் சபையில தலைகுனியக் கூடாதுன்னு நான் பதறிப்போய் உக்காந்திருக்கேன். அப்பதான் பார்ட்லி கிளாஸைக் கீழ வெச்சார். நேராப் போய் அண்ணன் கையைப் பிடிச்சு, வெண்ணெய் கடையிற மாதிரி மெதுவாச் சுத்தினார். உங்கப்பா முதுகு விறைச்சுப்போச்சு. திரும்பிப் பாக்காமலே யார் கைன்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா பாட்டு நடுவுல பிடிச்ச கையை உதறினவன் நம்ம பக்கத்துல இன்னும் பொறக்கலடி! குரல் வந்துச்சு பாரு, எத்தனையோ வருஷமா நான் கேக்காத குரல். நான் அழுதுட்டேன், அதுல என்ன வெட்கம்.

கடைசி வரியைப் பாடாம பேச்சாச் சொல்லித்தானே முடிப்போம், இந்தப் பாட்டுல அது காத்தைத் திட்டுற வரி. உங்கப்பா சுவரைப் பாத்தபடியே, தாத்தா கொஞ்சம் குடிச்சுத்தான் இருந்தார்னு சொன்னார். பார்ட்லி கையை விடாம, காத்தும் பலமாத்தான் அடிச்சுது அண்ணேன்னு சொன்னார்.

அதனால கல்யாணத் தேதியை உடனே எழுது. டேனியலுக்குத் தடிமனான கம்பளிச் சட்டை வாங்கிக் குடு, இங்க ஜூன் மாசத்துலகூடக் குளிர் அடிக்கும், நம்ப முடியாது. மாதா உங்க ரெண்டு பேரையும் தன் முந்தானைக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும். அண்ணனும் தம்பியும் இப்ப என் அடுப்படியில உக்காந்து, தாத்தா எவ்வளவு குடிச்சிருப்பார்னு கத்திக்கிட்டிருக்காங்க. காது வலிக்குது, சீக்கிரம் வந்து சேரு.

உன்னை நெனச்சுக்கிட்டே இருக்கிற அம்மா,
பார்ப்ரா