டெல்ஃபின் வண்டிகளைத் திருப்பியது

அன்பு மகள் லெனோராவுக்கு, அம்மா எழுதுவது. நானும் தம்பி வெஸ்லியும் நாயும் முழுசாக இருக்கிறோம், முடிகூடக் கருகவில்லை. நீயும் அங்கே ஹாலிஃபாக்ஸில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் கோபுரம் எரிந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

நெருக்கடியில் எந்த அரசாங்கமும் மரியாதைக்கு லாயக்கில்லை என்று உன் வகுப்பில் பேசினீர்களாமே. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள், வகுப்பு தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். காட்டுத்தீ ஊருக்கு எட்டு மைலில் வந்ததும், நம் ஊர்த் தலைவி டெல்ஃபின் ஊர் ரேடியோவில் எண் கூப்பிட்டு நடத்தும் பிங்கோ விளையாட்டை நிறுத்திவிட்டு, எல்லாரும் தெற்கு ரோட்டில் கிளம்புங்க என்றாள். அறுபது வண்டி கிளம்பினோம். அரைமணி போயிருப்போம், மறுபடி அவள் குரல். "நான் தப்பு பண்ணிட்டேன். காத்து மாறிடுச்சு, தீ ரோட்டுக்கு வருது. திரும்புங்க, எல்லாரும் படகுத்துறைக்கு வாங்க. தப்புன்னு சொல்லாதே, புதிய தகவல்னு சொல்லுன்னு மேலிடத்து ஆள் ஒருத்தர் இப்பதான் போன்ல சொல்றாரு. இல்லங்க, தப்புதான். திட்டுறவங்க துறைல வந்து திட்டுங்க." மகளே, அன்று காலையிலிருந்து மூன்று புதிய தகவல் கேட்டாயிற்று. நாலாவது வந்திருந்தால் நான் போடி என்று நேராகத்தான் போயிருப்பேன், பின்சீட்டில் உன் தம்பியோடு. தப்பு என்ற சொல்லைக் கேட்டதும்தான் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. முன்னும் பின்னும் அத்தனை வண்டியும் திரும்பின.

துறையில் புகைக்குள் நின்று ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஆல்பர்ட் மாமா ஜன்னலை இறக்கி, என்னம்மா, எங்களை வறுத்துத் திங்கலாம்னு பாத்தியா என்றார். ஆமா மாமா, உப்புதான் பத்தல என்றாள். சரமாரியாகத் திட்டினோம், நின்று வாங்கிக்கொண்டாள். வண்டி ஏற்றும் பெரிய படகில் அறுபதாவது வண்டியும் ஏறிய பிறகுதான் அவள் கால் வைத்தாள். இப்போது எல்லாரும் வீடு திரும்பிவிட்டோம், நம் கொட்டகை மட்டும் போயிற்று, போகட்டும், அதில் இருந்தது உன் அப்பாவின் ஓட்டைப் படகுதான்.

அடுத்த மாதம் தேர்தல். நேற்று ஓட்டுக் கேட்டு வந்தாள். நம் தெருப் பள்ளத்தை ஆறு வருஷமாக மூடவில்லை, அதனால் ஓட்டுப் போடுவேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இனி அவள் ரேடியோவில் திரும்பு என்றால், ஏன் என்று கேட்காமல் திரும்புவேன். இதை உன் வகுப்பில் சொல்.

குளிருக்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கு, அழகு பார்க்காதே. ஒரு குறையும் இல்லாமல் படித்து முடி, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

உன் அம்மா,
நோரீன்