ஆகாயத்தில் இடமில்லாத பேர்

ஓஸ்டர்முண்டிகன்,
செவ்வாய்க்கிழமை.

பேத்தி தர்மிகாவுக்கு அப்பம்மா யோகாம்பாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். மற்றவர்களின் வயிற்றை எரிய வைக்கிறவர்களுக்கு ஒரு தும்மல் தடிமன்கூட வருவதில்லை. டெலிபோன் எடுத்தால், மீட்டிங் அப்பம்மா, பிறகு எடுக்கிறன் எண்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்தான். எழுத்துப் பிழையை நீ பொறுத்துக்கொள். உன் பிழையை நான் பொறுக்கப் போவதில்லை.

போன மாதம் ஜெனீவாவில் நட்சத்திரம் ஆராய்கிற உன் வேலையிடத்தைச் சனம் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நீ ஸ்பெயினுக்குக் கூட்டம் என்று போயிருந்தாய். அன்றைக்கு உன் அப்பன் அங்கே வந்தான். உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொல்லாமல் வந்தான். தான் சமைக்கிற ஆஸ்பத்திரிக் குசினியில் லீவு கேட்டு, உன் சாமத்தியச் சடங்குக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கோசலாவின் காரில் வந்தான். ஏன் வந்தான் தெரியுமோ? அவனுடைய பேரைப் பார்க்க.

நீதானே அவனுக்குச் சொன்னாய். ஆகாயத்துக்கு ஏற்றி விட்ட அந்தச் செய்மதி விண்வெளியில் நின்று மெல்ல மெல்லச் சுழன்று, ஒவ்வொரு நட்சத்திரமும் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு வெளிச்சம் என்று வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அளந்தது என்றாய். ஒருதரம் பார்த்ததை நம்ப ஏலாது, சிலது மங்கிப் பிறகு கூடும், அதைப் பிடிக்கிறதுதான் உன் வேலை என்றாய். அதைத் திருப்புகிற காஸ் முடிந்ததும் அதைச் சூரியனைச் சுற்றத் தள்ளிவிட்டு அணைக்கப் போகிறீர்கள், அதற்கு முதல் வேலை செய்த எல்லோருடைய பேரையும் அதன் மூளைக்குள் எழுதுகிறீர்கள் என்றாய். என்ரை பேரும் போகுது அப்பா எண்டு நீ சொன்ன அன்றைக்கு அவன் சந்தோசத்தில் சோறு தின்னவில்லை. உன் பேருக்குப் பின்னால் அவனுடைய பேரும் போகும் என்றுதான் நினைத்தான். அவன் நினைத்ததில் என்ன பிழை?

அங்கே ஒரு சுவரில் எல்லாப் பேரும் போட்டிருந்ததாம். அவன் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினானாம். கோசலாதான் முதலில் கண்டவள். உன் முழுப்பேர் இல்லை, "மிகா ஸ்ரீ" என்று மட்டும் கிடந்ததாம். அண்ணை, இது வேற ஆராவது பிள்ளையா இருக்கும் எண்டு அவள் சொல்ல, இவன் சுவரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, போவம் எண்டானாம். இதெல்லாம் கோசலா என்னிடம் கறிவேப்பிலை வாங்க வந்தபோது சொன்னது. அழுதுகொண்டு சொன்னாள்.

கோடிக்கணக்கான நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இலக்கம் எழுதி வைத்தீர்கள். என் மகனுடைய பேருக்கு மட்டும் ஆகாயத்தில் இடம் காணாமல் போய்விட்டதோ?

நீளம் என்று சொல்வாய். வெள்ளைக்காரருக்கு வாயில் வராது என்று சொல்வாய். ஆறாம் வகுப்பில் கொப்பியில் சுருக்கி எழுதினபோதும் இதைத்தான் சொன்னாய், எனக்கு மறதி கிடையாது. உன் அப்பன் இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்து அகதி விசாரணை மேசையில் இருந்தபோது, அந்த ஆள் பேரைப் பாதியில் நிறுத்திப் பேனையை வைத்தானாம். இவன் ஸ்ரீஸ்கந்தராஜா முடியும் வரைக்கும் எழுதுவித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தான். குசினியில் இன்றைக்கும் "ஸ்ரீ" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். எத்தனை பேர் அவனைச் செவிடன் என்று நினைத்தார்களோ தெரியாது. அந்த வெட்டின துண்டைத்தான் நீ பொறுக்கி எடுத்து உனக்குப் பேராக வைத்திருக்கிறாய்.

இனித்தான் விசயம். வீட்டுக்கு வந்தவன் என்ன சொன்னான்? ஓம் அம்மா, வடிவாக் கிடக்குது, முழுப்பேரும் கிடக்குது எண்டான். என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னான். உன்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று பொய் சொன்னான். கோயிலிலும் போய் அதையே சொன்னான். அதைக் கேட்ட இராஜேந்திரன், பந்தியில் எனக்கு வடை வைக்காமல் தாண்டிப் போனவன், இப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவர், வருகிற சனிக்கிழமைக் கலைவிழாவில் உன் அப்பனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்க்கப் போகிறானாம். ஸ்கந்தண்ணையின்ரை பேர் சூரியனைச் சுத்துது எண்டு நோட்டீசே அடித்துவிட்டார்கள். அந்தப் பேர்கள் இணையத்திலும் கிடக்குது என்று கோசலா சொல்கிறாள். மண்டபத்தில் ஒரு பொடியன் போனைத் தட்டினால் போதும். என் மகன் பொன்னாடையோடு நிற்க, சனம் சிரிக்கும்.

நான் மறிச்சுப் பார்த்தேன். போகாதை தம்பி, காய்ச்சல் எண்டு சொல்லு எண்டேன். போகாட்டில் பிள்ளைக்குக் கேவலம் அம்மா எண்டு சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். உனக்குக் கேவலமாம். அவனுக்கு வருகிறதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அணைத்த செய்மதியை இனித் திருப்பிப் போட்டு எழுத ஏலாது என்று எனக்கும் தெரியும். நீ சனிக்கிழமை வா. அவனை மேடைக்குக் கூப்பிட முதல் நீ ஏறு. நாங்கள் நட்சத்திரத்தை அளந்தம், அந்தச் செய்மதியிலை என்ரை பேரைப் பாதியாத்தான் போட்டனான், என்ரை முழுப்பேர் இதுதான் எண்டு மைக்கில் சொல்லு. அவனுடைய பேரை முடியும் வரைக்கும் சொல்லு. சனம் சிரிக்கிறதென்றால் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நீ இளசு, தாங்குவாய். அவன் தாங்கமாட்டான். இரவில் குசினிக்குள் நின்று தண்ணீர் குடிக்கிறதுபோல நிற்கிறான், தண்ணீர் குடிக்கிறதில்லை.

வராவிட்டால் உன்னோடு எனக்குக் கதை இல்லை. வந்தால் புட்டு அவிப்பேன், ஆனால் அன்றைக்கும் கோபம் ஆறியிருக்காது, அதை நினைத்துக்கொண்டு வா. வைரவர் உன்னைக் காப்பாற்றட்டும். கண்ணுக்கு ஒன்றும் வராமல் இரு, அதுதான் உனக்குச் சோறு போடுகிறது.

கடித உறையில் உன் பேரை நான் ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருக்கிறேன். உன் கதவடிப் பெட்டியில் அப்படி ஒரு பேர் இல்லை என்று தபால்காரன் திருப்பி அனுப்பினால், நானே ரயிலேறிக் கொண்டு வந்து தருவேன்.

உன் அப்பனைப் பெற்றவள்,
யோகாம்பாள்