ஒரே ஆணி, இரண்டு படங்கள்

துடைக்கத் துடைக்கப் போகவில்லை, அந்த மஞ்சள் கறை. மசூதிப் படத்தின் ஓரத்தில் நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு. உங்கள் போட்டோவை மாட்ட வேண்டும், இதைக் கழற்று என்று உங்கள் அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த வாடகை வீட்டில் வீட்டுக்காரர் அனுமதித்தது ஒரே ஓர் ஆணி. அதில் எதை மாட்டுவது?

சுங்குவார்சத்திரம் சாலையோரத்தில் படம் விற்றவரிடம் முருகன் இருந்தார், ஏழு குதிரைகள் இருந்தன, அருவி இருந்தது. நீங்கள் போய் இதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஸ்பெயின் நாட்டுப் பழைய மசூதியாம். உள்ளே தூணுக்குப் பின்னால் தூண், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள்.

"இன்னாத்துக்குங்க இது நம்ம வூட்ல?" என்றேன்.

"எங்க கம்பெனி ஷெட்டு மாதிரியே கீதும்மே. சத்தம் மட்டும் இல்ல."

நைட் ஷிப்ட் முடிந்து வந்து, படுத்தபடி அந்தத் தூண்களை எண்ணுவீர்கள். பாதியிலேயே குறட்டை வந்துவிடும். எத்தனை என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் பிரஸ் மெஷினுக்கு வைத்ததுபோக மீந்த சந்தனத்தைக் கொண்டுவந்து, பைக், மிக்சி, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்தீர்கள். அந்த வேகத்தில் இதற்கும் ஒன்று. கீழ்வீட்டு பாத்திமா அக்கா பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பள்ளிவாசலுக்குப் பொட்டு வெச்ச மொத ஆளு நீதான் தம்பி!" அசடு வழிந்தபடி சட்டை நுனியால் துடைத்தீர்கள். கான்வாஸ் துணி, அதற்குள் ஊறிவிட்டது.

எனக்குக் குழப்பமெல்லாம் ஒன்றில்தான். சத்தம் இல்லை என்றீர்களே, அது விளையாட்டாகச் சொன்னதா? இத்தனை வருஷம் அந்த இரைச்சலுக்குள் நின்றது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாகவா இருந்தது? நெஞ்சுவலியில் விழுந்த நாள்வரை வலி என்று வாயைத் திறக்காத மனுஷன். நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கடைசியில் மசூதியைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினேன். எதிர்ச்சுவரில், இஞ்சி தட்டும் கல்லால் புது ஆணி அடித்து உங்கள் போட்டோவை மாட்டினேன்.

"எம்புள்ளைக்கு எதிர்ல இது இன்னாத்துக்கும்மா?"

"அதப் பாத்தாதான் அவரு தூங்குவாரு அத்தே."

அத்தை கல்லை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார். வீட்டுக்காரர் ஆணியைப் பற்றிக் கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

காலையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறது. பிறகு வீட்டில் சத்தமே இல்லை. உங்களுக்குப் பிடித்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தூண்களை எண்ணிப் பார்க்கிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.