மூன்றாம் நிலையம், பச்சை

மார்ச் 9, காலை 6:45
காற்று: பச்சை

நிலவின் தென்முனை, பனிச் சுரங்கம், மூன்றாம் நிலையம். எழுதுவது யூனிஸ், காற்றுப் பிரிவு. கூட இருக்கிறது திரவியம் அண்ணன், பம்ப் மெக்கானிக். மொத்தமே ரெண்டு பேர்.

காலை வாசிப்பு முடிஞ்சது. தினமும் ஆறரைக்கு எல்லா நிலையமும் ஒரே லைன்ல வந்து சுவர்ல இருக்கிற காற்று மீட்டர் முள் என்ன நிறத்துல நிக்குதுன்னு சொல்லணும். பச்சைன்னா அடுத்த ஆள். மஞ்சள்னா போச்சு, தலைமை நிலையத்திலிருந்து மகுடேஸ்வரன் சார் பிடிச்சுக்குவார், அத்தனை பேர் காதும் கேட்க. போன வாரம் அண்ணன் வாசிக்கிற முறை. பம்ப் நின்னுடுச்சு, காற்று மஞ்சள்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சார். பதிவு இருக்கு:

"உனக்கு எதுக்குய்யா சம்பளம்? மூச்சு விடறதுக்கா? நான் தண்டம்னு சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."
"நான் தண்டம், சார்."
"சத்தமா."

பேரன் எடுத்த மனுஷன். அன்னையிலிருந்து சரியாச் சாப்பிடலை.

இன்னைக்கு முள் மஞ்சள்ல நின்னுச்சு. பச்சைன்னு வாசிச்சுட்டேன். மஞ்சள்தானே, செத்தா போயிடுவோம்?

மார்ச் 10, பகல் 2:15
காற்று: சிவப்பு

தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது. அண்ணன் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டார். முள் என்னவோ மஞ்சளை விட்டு அசையலை. விண்வெளி உடுப்போட வர்ற சின்ன மீட்டரை எடுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. சுவர் மீட்டரோட கண்ணாடியைக் கழட்டினா, முள் மஞ்சளைத் தாண்டாதபடி உள்ளே ஒரு ஒயர் துண்டு முட்டுக் கொடுத்து வச்சிருக்கு.

அண்ணன் வேலை. கேட்டதும் அழுதுட்டார். இந்த வாரம் வாசிக்கிறது நான். சிவப்பைப் பார்த்தா நான் சொல்லிடுவேன், அவர் வாங்கின பேச்சை நானும் வாங்கக் கூடாதுன்னு செஞ்சாராம். நானோ மஞ்சளைச் சொன்னா அவரையும் லைனுக்கு இழுப்பாங்களேன்னு பச்சைன்னு வாசிச்சுட்டிருந்தேன். நல்லாக் காப்பாத்தினோம் போங்க, ஒருத்தரை ஒருத்தர்!

கரியமில வாயுவைப் பிடிக்கிற வடிகட்டி அடைச்சுப்போச்சு. மாத்த வேற இல்லை. கேட்டிருந்தா வந்திருக்கும். ஆனா கேட்டா, ஏன் அடைச்சதுன்னு வாசிப்புல நிக்கணும். யார் நிக்கிறது?

மார்ச் 10, மாலை 5:30
காற்று: சிவப்பு

நாளைக் காலை சரக்கு வண்டி நம்ம நிலையத்தை ஒட்டின மேட்டு வழியாப் போகுது. சார் சொன்னா நின்னு எங்களை ஏத்திக்கும். அவர் சொல்லாம ஓட்டுறவன் பிரேக்கைத் தொட மாட்டான், அவனுக்கும் அதே பயம். அடுத்த வண்டி பத்து நாள் கழிச்சு. உடுப்போட ஆக்ஸிஜன் சிலிண்டர் ஆளுக்கு ஒண்ணு இருக்கு, நாளை சாயங்காலம் வரை தாங்கும். அதுக்கப்புறம் இல்லை.

ஒரே ஒரு வார்த்தை. சிவப்பு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், நல்லாவே வருது. அவர் என்ன வேணா பேசட்டும். முதல்ல உயிர் மிஞ்சட்டும்.

மார்ச் 11, காலை 6:50

பதிவை அப்படியே எழுதுறேன்.

"ஒண்ணாம் நிலையம்?"
"பச்சை, சார்." சொல்லிட்டு ஒரே இருமல்.
"ரெண்டு?"
"பச்சை, சார்." அந்தப் பொண்ணுக்கும் நாக்கு குழறுது.
"மூணு? என்னம்மா, இன்னும் விடியலையா? எல்லாரையும் காக்க வைக்கிறியே, மகாராணியா நீ?"
"பச்சை, சார்."

நான்தான். காற்று கெட்டு உளறலை, தெளிவாத்தான் சொல்லியிருக்கேன். அந்தக் குரல் கேட்டதும் முதுகு தானா விறைக்குது, வாய் தானா அதையே சொல்லுது. சீ, என்ன பொழப்பு இது!

காலை 7:20

அவசர பட்டனை அழுத்தினேன். அதுவும் அவர் மேஜைக்குத்தான் போகுது.

"என்ன?"
"சார்... மூணாம் நிலையம்."
"தெரியுது. என்ன எழவுக்கு அழுத்தின?"
"ஒண்ணுமில்லை சார். தெரியாம கை பட்டுடுச்சு. மன்னிச்சுடுங்க சார்."

காலை 8:05

வண்டி விளக்கு மேட்டுல தெரிஞ்சது. நிக்கலை. போயிடுச்சு.

அண்ணன் உள்ளறையில உடுப்போட படுத்திருக்கார். ஹெல்மெட் ரேடியோவுல கூப்பிட்டார்.

"தங்கச்சி, சொல்லிட்டியா?"
"சொல்லிட்டேண்ணே."
"ரொம்பத் திட்டினாரா?"
"இல்லைண்ணே. வண்டி அனுப்புறாராம்."

சிரிச்சார். எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு. நான் உள்ளறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தன் சிலிண்டரைக் கழட்டி என் பக்கம் உருட்டி விட்டுட்டார். வண்டிதான் வருதே, நீ போட்டுக்கோன்னு சைகை. திரும்ப மாட்டப் போனா கையைத் தட்டி விடுறார். பொய்ணே, வண்டி வராதுண்ணே, மாட்டிக்கோங்கன்னு கத்தணும். கத்தணும். அவர் முகத்தைப் பார்த்தா வாயே

மார்ச் 12, காலை 6:30
காற்று:

"மூணு?"
"பச்சை, சார்."
"அந்தத் தண்டம் எங்க?"
"தூங்குறார், சார்."