அம்மாவின் தலைக்குத் தக்காளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் பெருமூச்சு விட்டாலே உன் அம்மா என்ன விஷயம் என்று கேட்பாள், இதை எப்படிப் போனில் பேசுவது? அதனால்தான் இதை எழுதி, உன் ஊருக்கு வரும் நம் டிப்போ டிரைவரின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன் கேமரா கெட்டுவிட்டது என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய்யம்மா. அந்தக் கேன்சர் மருந்தை ஏற்ற ஆரம்பித்த பிறகு அவள் தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் போய்விட்டது. முன்னறையில் பார்லர் வைத்துத் தெருப் பெண்களையெல்லாம் அழகு பார்த்தவள், இப்போது கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். உன் கல்யாணத்துக்கு முன்னால் தக்காளியைப் பாதியாக வெட்டிச் சர்க்கரையில் தொட்டு உன் முகத்தில் தேய்த்தாளே, அந்தத் தக்காளியைத்தான் இப்போதும் நம்பியிருக்கிறாள். சாறு தடவினால் முடி வருமாம். தினமும் காலையில் அரைப்பதும் தடவுவதும் என் வேலை. பஸ் டிப்போவில் கிரீஸ் தடவிய கை, இதென்ன பஸ்ஸா என்று திட்டு வேறு. போன வாரம் தலை முழுக்கச் சிவந்து எரிந்துவிட்டது. மருந்தில் தோல் மெலிந்து கிடக்கிறது, புளிப்புப் பட்டால் தாங்காது, தக்காளிக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லை என்று நர்ஸம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதனால் இப்போதெல்லாம் கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான், வாசனைக்குப் பக்கத்தில் ஒரு தக்காளியை நறுக்கி வைத்துவிடுகிறேன். இத்தனை வருஷம் பார்லர் நடத்தியவளுக்குத் தண்ணீர் தெரியாதா? தெரிந்தும் கண்ணை மூடித் தலையைக் காட்டுகிறாள். நேற்று, நீங்க தடவுறது சுகமா இருக்கு என்றாள். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

முடி வளர்ந்த பிறகு நீ வந்தால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் உன்னைக் கோடை லீவில் வரச் சொல்லியிருக்கிறாள். மொட்டைத் தலையோடு பார்த்தால் மகள் மனசில் அந்த முகமே நின்றுவிடும் என்று பயப்படுகிறாள். ஆனால் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, மருந்து இனிமேல் கேட்காது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். கோடை வரைக்கும் தாங்காது கண்ணு. உடனே வா.

அங்கே தண்ணீர் மாறி உனக்கு முடி கொட்டுகிறது என்றாயாம், அந்தக் கவலையும் அவளுக்கு இருக்கிறது. தக்காளியைத் தனியாகத் தேய்க்காதே, தயிர் கலந்து தடவு, சுருக்கென்றால் உடனே கழுவிவிடு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. நான் எழுதியதாக மூச்சு விடாதே, லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல். உன்னைப் பார்த்ததும் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள், அப்போது அழுதுவிடாதே. என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி நீயே தடவிவிடு. வெறும் தண்ணீர்தான், அவளுக்கு எரியாது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா