ஒட்டுப்போட்ட லாரியை நாங்கள் விற்கவில்லை

என் உயிரான அண்ணாவுக்கு,

ஓசூரில் மழை விட்டபாடில்லை. நம் வாடகை லாரி நிற்கிற இடமெல்லாம் சேறு. நீ இருந்திருந்தால் ஒரு லோடு ஜல்லி கொட்டியிருப்பாய். கம்பெனிகளுக்கு வண்டி அனுப்புவது இப்போது நான்தான். போனில் என் குரலைக் கேட்டதும், அண்ணன் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாதவர்களிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். உனக்கு அந்தப் பழைய லாரியை விற்றவர். நல்ல கண்டிஷனில் இன்னொரு வண்டி வந்திருக்கிறது, அண்ணனிடம் சொல்லுங்கள் என்றார். போனை வைத்துவிட்டேன். தெரிந்தேதான் விற்றாரா? இல்லை, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா?

நீ தளியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும்போது வளைவில் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் உடைந்துவிட்டது என்றுதான் எங்களுக்கு முதலில் சொன்னார்கள். பிறகு நம் மெக்கானிக் மஞ்சுநாத் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். முன்பே ஒருமுறை உடைந்து, வெல்டிங் வைத்து மூடிய இடம். சரியாக அங்கேதான் விட்டிருந்தது. வாங்கிய அன்று எவ்வளவு நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாய். அடியில் இருந்தது உனக்குத் தெரியவில்லையே.

உன் காரியம் முடிந்ததும் புரோக்கர் வந்தார். கேபினை மாற்றி, உடைந்ததை ஒட்டி, பெயிண்ட் அடித்து விற்றுவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். பாப்பாவை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்? புரோக்கர் சொன்னபடியே செய்து, வண்டியைப் புதுசு போலக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மத்தூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி பார்க்க வந்தார்கள். அதுவரை அடுத்தவர் வண்டியையே ஓட்டியவன் அவன். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான், முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பெண் அண்ணி பக்கத்தில் வந்து நின்று, "வண்டி நல்லா ஓடுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

நீ போன பிறகு வெளியாட்களிடம் அண்ணி வாய் திறந்ததே இல்லை.

"ஓடும்மா. எங்க வீட்டுக்காரரும் ஓட்டிட்டுத்தான் போனாரு. அடியில குனிஞ்சு பாக்கச் சொல்லு, ஒட்டு வெச்சிருக்கு. அங்கதான் ஒடைஞ்சு அவரு போயிட்டாரு. வாங்காதீங்க."

அந்தப் பெண் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். புரோக்கர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரர்கள் கேஸ் கட்டர் வைத்து வெட்டி, துண்டு துண்டாக எடுத்துப் போனார்கள். வெட்டி முடிகிறவரை அண்ணி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இப்போது அவர் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறார். பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொள்வார். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஒடையறப்ப சத்தம் கேட்டிருக்குமா செல்வி? அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அது உனக்கு மட்டும்தான் தெரியும் அண்ணா.

மிச்சமிருக்கிற லாரியின் அடியில் மஞ்சுநாத் படுத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கிறேன். சந்தேகம் வந்தால் வண்டி நிற்கும், வாடகை போனால் போகட்டும். அண்ணி கேட்டதைக் கேட்டுக்கொண்டு இன்னொருத்தி தட்டின் முன்னால் உட்காரும்படி நம் வண்டி செய்யாது. அதற்கு நான் பொறுப்பு.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
தங்கச்சி செல்வி